முதுகு ஸ்கேனில் சிக்காத சயாட்டிகா

புட்டத்தில் தொடங்கி தொடையின் பின்பக்கமாகக் கால்வரை சுரீரென்று இழுக்கும் வலியோடு (இதைத்தான் சயாட்டிகா என்கிறார்கள்) மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் கையில் கிடைப்பது முதுகு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கான சீட்டு. அந்தப் படம் கீழ்முதுகின் எலும்புகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள டிஸ்குகளையும் காட்டிவிட்டு, முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்போடு முடிந்துவிடும். புட்டத்தின் தசைகளும், அவற்றுக்கு நடுவே இறங்கும் சயாட்டிக் நரம்பும் அதில் வராது. கோளாறு புட்டத்தில் இருந்தால் இந்த ஸ்கேன் இரண்டு வகையில் திசைதிருப்பும். ‘எல்லாம் நார்மல்’ என்று வந்தால், வலிக்கிறது என்று சொல்பவரின் பேச்சே சந்தேகத்துக்கு ஆளாகும். ‘டிஸ்க் பிதுங்கல்’ என்று வந்தால், வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பழி அதன் தலையில் விழும். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம்.

புட்டத்தில் நரம்பு அழுந்துவதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கேள்வி கேட்டும் கையால் தொட்டும் நடக்கிற வேலை. நரம்பு எந்த இடத்தில் சிக்குகிறது, உடம்பு எந்த நிலையில் இருக்கும்போது சிக்குகிறது என்ற இரண்டும் தெரியாமல் தொடங்கும் சிகிச்சை குருட்டாம்போக்கில்தான் போகும்.

நரம்பு போகும் வழி

சயாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடித்த நரம்பு. கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் நரம்புவேர்களும் திருவெலும்பின் முதல் மூன்று நரம்புவேர்களும் இடுப்புக்கூட்டுக்குள் சேர்ந்து அது உருவாகிறது. புட்டத்துக்குள் நுழையும் இடத்தில் தட்டையாக, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். இடுப்பெலும்பின் பின்பக்கத் திறப்பு வழியாக அது வெளியே வருகிறது. அதே திறப்பின் வழியாகத்தான் பைரிஃபார்மிஸ் தசையும் வருகிறது. திருவெலும்பின் உட்பக்கத்தில் தொடங்கி, இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் தொடையெலும்புப் புடைப்பில் போய் ஒட்டுகிற சின்னத் தசை அது. வழக்கமாக நரம்பு அந்தத் தசைக்கு அடியிலிருந்து வெளிப்பட்டு, ஜெமல்லஸ், ஆப்டுரேட்டர் இன்டெர்னஸ், குவாட்ரேட்டஸ் ஃபெமோரிஸ் தசைகளின் மேலாக, உட்காரும் எலும்புக்கும் தொடைப் புடைப்புக்கும் நடுவே தொடைக்குள் இறங்குகிறது.

நரம்பு இந்த வழியில் ஆணியடித்ததுபோல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முழங்காலை நீட்டியபடி காலைத் தூக்கும்போது அது ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் நழுவிக் கொடுக்கிறது. அந்த நழுவலைத் தசை, தசைநாண், தழும்பு, நார்ப்பட்டை, புடைத்த இரத்தக்குழாய் என எது தடுத்தாலும் குறிப்பிட்ட நிலையில் மட்டும் வலி வரும். நிலையை மாற்றினால் குறையும். நசுங்கல் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிச் சிக்கிக்கொள்வதுதான். படுத்த நிலையில் எடுக்கும் ஸ்கேன்களில் அது ஏன் தெரிவதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

சிலருக்கு நரம்பு பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பைரிஃபார்மிஸைத் துளைத்துக்கொண்டு வரும். பீட்டன், ஆன்சன் என்ற இருவர் 1930-களில் இந்த அமைப்பு வேறுபாடுகளை ஆறு வகையாகப் பிரித்தார்கள். இவற்றில், வழக்கமான அமைப்பைத் தவிர்த்து, அதிகம் காணப்படும் வகை பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். ஸ்கேன் அறிக்கையில் அது குறிப்பிடப்பட்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இதே அமைப்போடு வலியே இல்லாமல் வாழ்நாள் முழுக்க நடமாடுபவர்கள்தான் அதிகம்.

முதுகு முந்திக்கொண்ட கதை

சயாட்டிகாவுக்குக் காரணம் பைரிஃபார்மிஸாக இருக்கலாம் என்று 1928-இலேயே பிரிட்டனில் யோமன் எழுதினார். 1934-இல் ஃப்ரைபெர்க்கும் அதே திசையில் எழுதினார். தொடையை உட்பக்கம் திருப்பிப் பார்க்கும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் அதே 1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் பிதுங்கிய டிஸ்க்தான் நரம்புவேரை அழுத்துகிறது என்று அறுவை சிகிச்சை ஆதாரத்தோடு வெளியிட்டார்கள். மருத்துவ உலகின் கவனம் மொத்தமும் முதுகுக்குப் போய்விட்டது. 1947-இல் ராபின்சன் ‘பைரிஃபார்மிஸ் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டு ஆறு அடையாளங்களைச் சொன்னார்: புட்டத்தில் அடிபட்ட வரலாறு, பின்இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, குனிந்தாலோ கனம் தூக்கினாலோ அது கூடுவது, புட்டத்தில் கைக்குத் தட்டுப்படும் நீளமான கட்டி, காலைத் தூக்கினால் வலி, நாள்பட்டால் புட்டத் தசை மெலிவது.

பிற்பாடு எண்டோஸ்கோப்பி (சிறு துளை வழியே நுழைக்கும் குழாய்க் கேமரா) போட்டுப் பார்த்தவர்கள், பைரிஃபார்மிஸ் பல குற்றவாளிகளில் ஒன்றுதான் என்று கண்டுகொண்டார்கள். 1999-க்குப் பிறகு ‘டீப் குளூட்டியல் சிண்ட்ரோம்’ (புட்டத்தின் ஆழத்தில் நரம்பு சிக்கும் கோளாறு) என்ற பரந்த பெயர் புழக்கத்துக்கு வந்தது. சயாட்டிகா உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் புட்டத்தில் கோளாறு என்பதற்கு 0.3 சதவீதம் முதல் 6 சதவீதம் வரை கணக்குச் சொல்கிறார்கள். இவ்வளவு இடைவெளி இருப்பதே நோயறிதல் எவ்வளவு தடுமாற்றமானது என்பதைக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லலாம்: கால் இழுப்பு என்று வருபவர்களில் பெரும்பாலானோருக்கு முதுகுதான் காரணம். புட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் பைரிஃபார்மிஸ் என்று முத்திரை குத்துவதும் அதே தவறின் மறுபக்கம்.

எதனால் சிக்குகிறது

புட்டம் அடிபட விழுவது, பல மணி நேரம் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்வது, ஓட்டப் பயிற்சியைத் திடீரென்று கூட்டுவது, இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தழும்பு ஆகியவை வழக்கமான காரணங்கள். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்துக்கொண்டு ஆட்டோவோ காரோ ஓட்டுபவர்களுக்கு வருவது தனி ரகம். பர்ஸ் நேராக நரம்பின் மேலேயே அழுத்தும். இந்த வலி 1970-களிலேயே கிரெடிட் கார்டின் பெயரோடு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றி சில வாரங்கள் பொறுத்தாலே இவர்களில் பலருக்கு வேறெதுவும் தேவைப்படாது.

உட்காரும் எலும்பில் தொடங்கும் பின்தொடைத் தசைநாண்கள் கிழிந்து தழும்பாகி நரம்போடு ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை, ஓட்டக்காரர்களிடம் காணலாம். மூன்றாவது, உட்காரும் எலும்புக்கும் தொடையெலும்பின் உள்முனைக்கும் இடையிலான சந்து குறுகிப்போய் அங்குள்ள குவாட்ரேட்டஸ் தசை நசுங்குவது. வழக்கமாக 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் அந்தச் சந்து 1.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி மட்டும் கால் இழுப்பு வந்து போனால், நரம்பின்மேல் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வேறிடத்தில் வளர்வது) படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அபூர்வம்தான். ஆனால் மாதாமாதம் வரும் அந்தக் கணக்கை யாரும் கேட்காததால் வருடக்கணக்கில் தப்பிவிடுகிறது.

புட்டத்தில் போடும் ஊசியால் வரும் சேதம் இவற்றோடு சேராது. புட்டத்தை நான்காகப் பிரித்தால் மேல்பக்க வெளி மூலைதான் ஊசிக்கான இடம். அதற்குக் கீழேயோ உட்பக்கமாகவோ குத்தினால், அதிலும் ஒல்லியானவர்களுக்கும் குழந்தைகளுக்கும், மருந்து நரம்பிலேயே இறங்கிவிடலாம். ஊசி ஏறும்போதே கால்வரை மின்னல் வெட்டியதுபோல் வலி பாய்வதும், சிறிது நேரத்தில் பாதம் தூக்க முடியாமல் தொங்குவதும் இதன் அடையாளம். இதை பைரிஃபார்மிஸ் என்று நினைத்து நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. நரம்பியல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி: எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது? புட்டத்தில் நரம்பு சிக்கியவர்கள் பெரும்பாலும் 20, 30 நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். நாற்காலியில் ஒரு புட்டத்தைத் தூக்கி மறுபுட்டத்தில் பாரம் போட்டு உட்கார்ந்திருப்பதை அறைக்குள் நுழைந்ததுமே கவனிக்கலாம். எழுந்திருக்கும் நொடியில் ஒரு வெட்டு வலி, பிறகு நடக்க நடக்க ஆறுதல். டிஸ்க் வலியும் உட்கார்ந்தால் கூடும் என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு புட்டத்தை இருக்கையின் விளிம்புக்கு வெளியே விட்டு உட்காரச் சொல்லிப் பாருங்கள். புட்டத்துக் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் உடனே இதம் தெரியும். டிஸ்க்குக்கு அதில் பெரிய மாற்றம் இருக்காது.

இருமினால், தும்மினால், மலம் கழிக்க முக்கினால் கால்வரை வெட்டுகிறதா? முன்னால் குனிந்தால் கூடுகிறதா? ஆம் என்றால் டிஸ்க் பக்கம் தராசு சாயும். அறுபது வயதைத் தாண்டியவர், நடந்தால் கால் கனத்து உட்கார்ந்தால் சரியாகிறது என்று சொன்னால் அது தண்டுவடக் குழாய் சுருக்கம். கதை அப்படியே தலைகீழ்.

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது பல ஸ்கேன்களைவிடப் பயன்படும். உள்ளங்கையால் இடுப்பு முழுவதையும் தடவிக் காட்டுகிறவருக்கு இன்னும் தேட வேண்டும். உட்காரும் எலும்பின் மேலேயே விரலை வைத்தால் பின்தொடைத் தசைநாண். அந்த எலும்புக்கு உட்பக்கம் என்றால் பிறப்புறுப்புப் பகுதிக்குப் போகும் பியூடெண்டல் நரம்பு. மேலே வெளிப்பக்கமாக, புட்டத்தின் நடுவில் ஆழத்தில் என்றால் பைரிஃபார்மிஸ். தொடைமடிப்பைக் காட்டினால் இடுப்பு மூட்டை முதலில் சோதிக்க வேண்டும்.

சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் சேர்ந்து பலவீனமாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடிநரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் விடாத வலி, முன்பு புற்றுநோய் வந்தது ஆகியவை இருந்தால் கட்டி, சீழ், முதுகெலும்புக் காசநோய் மூன்றையும் விலக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நம் ஊரில் காசநோயை மறக்கவே கூடாது. சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று தொடையில் கடும் வலி வந்து வாரக்கணக்கில் தசை கரைந்தால் அது இடுப்பு நரம்புப் பின்னலைத் தாக்கும் வேறு நோய்.

பாதம் தொங்கிப்போவதை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அறுந்த நரம்பு இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். புட்டத்திலிருந்து பாதத் தசைவரை 80, 90 சென்டிமீட்டர். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தசை வீணாகிவிடும்.

கையால் செய்யும் சோதனை

முதலில் தசை பலம். பெருவிரலை மேலே தூக்குவது, குதிகாலில் நடப்பது, முன்பாதத்தில் எம்பி நிற்பது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்து மேல்காலைத் தூக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிச் சோதனைதான் நுட்பமானது. காலைப் பக்கவாட்டில் தூக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசைக்கான நரம்பு பைரிஃபார்மிஸுக்கு மேலாக வெளியே வந்துவிடுகிறது. முதுகில் ஐந்தாம் வேர் நசுங்கினால் பெருவிரலோடு இந்தத் தசையும் பலவீனமாகும். பைரிஃபார்மிஸுக்குக் கீழே சயாட்டிக் நரம்பு சிக்கினால் பெருவிரல் பலவீனமானாலும் இது தப்பித்துவிடும். உணர்ச்சியிலும் இப்படி ஒரு குறிப்பு உண்டு: முழங்காலுக்குக் கீழே சயாட்டிக் நரம்பு கிட்டத்தட்ட எல்லாத் தோலுக்கும் பொறுப்பு, உட்பக்கத்து ஒரு நீளப் பட்டை மட்டும் தொடை நரம்பின் கிளையைச் சேர்ந்தது. அந்தப் பட்டையும் மரத்திருந்தால் வேறிடம் தேட வேண்டும்.

அடுத்து, நரம்பைச் சிக்கவைத்துப் பார்க்கும் சோதனைகள். ஃபேர் சோதனையில் வலி இல்லாத பக்கம் படுக்கவைத்து, மேல்தொடையை 60 பாகை மடக்கி, இடுப்பு அசையாமல் பிடித்துக்கொண்டு முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்துவார்கள். ‘இதுதான், இதே வலிதான்’ என்று அவர் சொன்னால் மட்டுமே அது பாசிட்டிவ். புட்டம் இறுக்கமாக இழுப்பது எல்லோருக்கும் இருக்கும். அதைக் கணக்கில் சேர்த்தால் ஊரே நோயாளியாகிவிடும்.

இன்னும் நம்பகமானது இரண்டு சோதனைகளின் கூட்டு. முதலாவதில் நோயாளி உட்கார்ந்து முழங்காலை நீட்டுகிறார். சோதிப்பவர் ஒரு கையால் அந்தக் காலை உட்பக்கம் சாய்த்துத் திருப்பி, மறுகையின் நடுவிரலை உட்காரும் எலும்புக்கு 1 சென்டிமீட்டர் வெளியிலும் ஆள்காட்டி விரலை அதற்கு மேலே நரம்பு வெளிவரும் பள்ளத்திலும் வைத்து அழுத்துகிறார். இரண்டாவதில் நோயாளி பக்கவாட்டில் படுத்து, குதிகாலைக் கட்டிலில் ஊன்றி, எதிர்ப்புக்கு எதிராக முழங்காலை மேலே திறக்கிறார். எண்டோஸ்கோப்பியில் உறுதியானவர்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது நோய் உள்ளவர்களில் 91 சதவீதம் பேரைப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. நீட்டும் சோதனை தனியாக 52 சதவீதம் பேரை மட்டுமே பிடித்தது. ஒரே ஒரு சோதனை நெகட்டிவ் என்பதால் விட்டுவிடுவது எவ்வளவு தவறு என்று இதிலிருந்து தெரியும்.

உட்காரும் எலும்புக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான சந்து குறுகியிருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. நீள நீளமாக அடி வைத்து நடந்தால் பின்காலில் வலி வரும். குட்டி அடியாக நடந்தால் வராது.

ஸ்கேனும் மின்சோதனையும்

புட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. சீட்டில் ‘இடுப்புக்கூடு, இரண்டு பக்கமும், சயாட்டிக் நரம்பின் வழியோடு’ என்று தெளிவாக எழுத வேண்டும். நரம்புக்கென்றே எடுக்கும் எம்.ஆர். நியூரோகிராஃபியில் பைரிஃபார்மிஸ் ஒரு பக்கம் பெருத்திருப்பதும் அங்கே நரம்பு வெளிச்சமாகத் தெரிவதும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்தால், நோய் இல்லாதவர்களில் 93 சதவீதம் பேரைச் சரியாக விலக்கும் என்று 2005-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் நோய் உள்ளவர்களில் 64 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று ஆகாது. இந்த ஸ்கேனின் பெரிய உபயோகம் கட்டி, தசைநாண் கிழிசல், எண்டோமெட்ரியோசிஸ் போன்றவற்றைக் காட்டுவதில்தான்.

ஊசி குத்தித் தசையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈ.எம்.ஜி. பரிசோதனையைப் பாதிப்பு தொடங்கி மூன்று வாரம் ஆவதற்குள் செய்தால் பணம்தான் வீண். அதற்குமுன் தசையில் மாற்றம் பதியாது. செய்யும்போது முதுகெலும்பை ஒட்டிய தசைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே கோளாறு தெரிந்தால் வேர்தான் நசுங்கியிருக்கிறது. அங்கும் குளூட்டியஸ் மீடியஸிலும் சுத்தமாக இருந்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் மாற்றம் இருந்தால் சந்தேகம் புட்டத்துக்கு நகரும். ஃபேர் நிலையில் கால் இருக்கும்போது எச் ரிஃப்ளெக்ஸ் (நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் தசையில் வரும் எதிர்வினை) 1.86 மில்லிவிநாடிக்கு மேல் தாமதமானால் பைரிஃபார்மிஸ் என்பது ஃபிஷ்மன் குழுவினர் வகுத்த அளவு. இதை எல்லா இடத்திலும் செய்வதில்லை.

பயிற்சியில் எங்கே தவறுகிறது

பைரிஃபார்மிஸ் என்றதும் எல்லோரும் நீட்டிப் பயிற்சியைத்தான் தேடுகிறார்கள். தசை இறுகியிருந்தால் அது உதவும். ஆனால் புட்டத் தசைகள் பலவீனமாகி, நடக்கும்போதும் படியிறங்கும்போதும் முழங்கால் உள்ளே சரிகிறவருக்கு பைரிஃபார்மிஸ் ஏற்கெனவே நீண்டு இழுபட்டுத்தான் கிடக்கிறது. அதை மேலும் நீட்டினால் நரம்பும் சேர்ந்து இழுபடும். இப்படிப்பட்ட ஒருவருக்கு நீட்டிப் பயிற்சியே இல்லாமல், இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தியே சுமார் மூன்று மாதத்தில் வலி தீர்ந்த சிகிச்சைக் குறிப்பு 2010-இல் வெளியானது. அதனால் முதலில் 15, 20 சென்டிமீட்டர் உயரப் படியிலிருந்து ஒரு காலால் இறங்கச் சொல்லி முழங்காலைக் கவனிக்க வேண்டும்.

நீட்டுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இடுப்பு நேராக இருக்கும்போது தொடையை வெளிப்பக்கம் திருப்பும் பைரிஃபார்மிஸ், தொடை 90 பாகை மடங்கியதும் உட்பக்கம் திருப்பும் தசையாக மாறிவிடுகிறது. ஆகவே மல்லாந்து படுத்து, தொடையை நன்றாக மடக்கி நீட்டுவதானால் கணுக்காலை மறுமுழங்காலின் மேல் போட்டு வெளிப்பக்கம் திருப்பிய நிலையிலேயே முழங்காலை எதிர்த்தோளை நோக்கி இழுக்க வேண்டும். 30 விநாடி பிடித்து மூன்று தடவை, நாளுக்கு இரண்டு வேளை போதும். புட்டத்தில் இழுப்பு தெரியலாம். பாதத்தில் குறுகுறுப்பு வந்தால் இழுப்பது நரம்பை, தசையை அல்ல. உடனே தளர்த்த வேண்டும்.

நரம்பை நழுவவைக்கும் பயிற்சி வேறு. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை நீட்டும்போது முகத்தை மேலே தூக்க வேண்டும். முழங்காலை மடக்கும்போது தாடையை நெஞ்சுக்கு இறக்க வேண்டும். ஒரு முனையில் இழுக்கும்போது மறுமுனையில் விட்டுக்கொடுப்பதால் நரம்பு நீளாமல் நழுவும். பத்துப் பத்தாக இரண்டு மூன்று சுற்று. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் மறுநாள் வலி கூடுவது நிச்சயம்.

பலப்படுத்தலுக்கு, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவதில் தொடங்கி, பக்கவாட்டில் படுத்துக் காலை நேராகத் தூக்குவது, பிறகு முழங்கால் சரியாமல் படியிறங்குவது என்று போகலாம். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். முழங்கால்களை மடக்கிப் பக்கவாட்டில் படுத்துச் சிப்பிபோல் திறக்கும் பயிற்சி பைரிஃபார்மிஸையே நேராக வேலை வாங்கும் என்பதால், வலி உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு வாரம் அதைத் தள்ளிவைப்பது நல்லது. ஆறு வாரத்துக்குள் ஏதாவது முன்னேற்றம் தெரிய வேண்டும்.

டென்னிஸ் பந்து, மசாஜ் கன், சுளுக்கு எடுப்பவரின் கட்டைவிரல் எதுவானாலும் விதி ஒன்றுதான்: அழுத்தும்போது வலி காலுக்குள் ஓடினால் அழுத்துவது நரம்பின்மேல். பின்தொடைத் தசைநாண் கோளாறு உள்ளவர்கள் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியை நிறுத்த வேண்டும். சந்து குறுகியவர்கள் நீள அடி வைப்பதையும் ஒருகாலை மறுகாலுக்குக் குறுக்கே போட்டு நிற்பதையும் விட வேண்டும். எல்லோருக்கும் பொதுவானது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது.

மாத்திரையும் ஊசியும்

வலி நிவாரணி மாத்திரைகளைச் சில நாட்களுக்குச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. இங்கே சயாட்டிகா என்றாலே, நரம்பு வலி மருந்தான பிரிகாபலினும் வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும் கலந்த மாத்திரையை மாதக்கணக்கில் எழுதும் பழக்கம் ஊறிவிட்டது. 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் சயாட்டிகா நோயாளிகளுக்கு எட்டு வாரம் பிரிகாபலின் கொடுத்துப் பார்த்தார்கள். கால் வலியில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. பிரிட்டனில் சிகிச்சை விதிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் சயாட்டிகாவுக்கு இதைத் தர வேண்டாம் என்கிறது. வண்டி ஓட்டுகிறவர்களும் முதியவர்களும் இதை ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுவிடலாம். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பயிற்சி பலிக்காதபோது அடுத்த படி தசைக்குள் ஊசி. அது சிகிச்சையோடு நோயறிதலும்கூட: மரத்துப்போகும் மருந்து இறங்கிய சில மணி நேரத்துக்கு வழக்கமான வலி பாதிக்குமேல் அடங்கினால் சந்தேகம் வலுப்படும். கண்மதிப்பில் குத்தக் கூடாத இடம் இது. பைரிஃபார்மிஸ் பல சென்டிமீட்டர் ஆழத்தில், புட்டத்தின் பெரிய மேல்தசையான குளூட்டியஸ் மேக்ஸிமஸுக்கு அடியில் கிடக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, வளைந்த அல்ட்ராசவுண்ட் முனையைத் திருவெலும்பிலிருந்து தொடைப் புடைப்பை நோக்கிச் சரித்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை இருபுறமும் ஆட்டினால், மேல்தசை நிற்க அடித்தசை மட்டும் நழுவுவது திரையில் தெரியும். அதுதான் இலக்கு. சடலங்களில் செய்த 2008 ஆய்வில் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்ட ஊசி 95 சதவீதமும், எக்ஸ்ரே திரையை மட்டும் நம்பிப் போட்டது 30 சதவீதமும் சரியான தசைக்குள் இறங்கின. தவறியவை பெரும்பாலும் மேல்தசையிலேயே தங்கிவிட்டன. அப்படித் தவறிய ஊசியை வைத்து ‘பைரிஃபார்மிஸ் இல்லை’ என்று எழுதிவிடுவது நடக்கிறது.

ஸ்டீராய்டு சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்பதில் நம்பிக்கை குறைவு. மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டவர்களும் ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டவர்களும் ஒரே அளவில் தேறினார்கள் என்று 2015-இல் ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதையும் சேர்த்து எண்ணினால், முதல் ஊசியை ஸ்டீராய்டு இல்லாமல் போடுவதில் நியாயம் இருக்கிறது. மருந்து நரம்புப் பக்கம் கசிந்தால் சில மணி நேரம் பாதம் தொங்கும். அது தானே சரியாகும். ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் வருவதும் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புவதும் கூடாது.

ஊசி போட்டு இதம் கிடைத்து மறுபடி மறுபடி வலி திரும்புகிறவர்களுக்கு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி ஒரு வழி. 100 யூனிட் அளவில் போடுவது வழக்கம்; பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், மூன்று மாதம் போல நீடிக்கும். அந்த மூன்று மாதத்தில் பயிற்சி செய்யாவிட்டால் செலவு வீண்.

கத்தி எப்போது

மூன்று முதல் ஆறு மாதம் முறையான பயிற்சி, ஊசியில் தெளிவாகக் கிடைத்த தற்காலிக இதம், முதுகும் இடுப்பு மூட்டும் காரணமில்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். நரம்பை அழுத்தும் கட்டி இருந்தாலோ, பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. பைரிஃபார்மிஸின் தசைநாணை வெட்டிவிட்டு, நரம்பைச் சுற்றிய நார்ப்பட்டைகளையும் தழும்பையும் விடுவிப்பதுதான் அறுவையின் சாரம். அந்தத் தசையின் வேலையைப் பக்கத்துத் தசைகள் எடுத்துக்கொள்வதால் நடையில் பெரிய குறை வராது. எண்டோஸ்கோப்பி மூலம் 35 பேருக்குச் செய்து 2011-இல் வெளியிட்டதில், 83 சதவீதம் பேரால் அதன்பின் அரை மணிக்கு மேல் வலியின்றி உட்கார முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய தொகுப்பு என்பதால் அந்த எண்ணை அப்படியே தன் விஷயத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

அறுவைக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நோயறிதலே தப்பு, சிக்கிய இரண்டாவது இடம் கண்ணில் படவில்லை, அல்லது புதிய தழும்பு நரம்பைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவதைத் தடுக்கத்தான் முதல் வாரத்திலிருந்தே, இழுக்காமல் நழுவவைக்கும் அதே நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கிவைக்கிறார்கள்.